ஆஸ்துமா நோயாளிகளுக்கான மருத்துவமனைச் சிகிச்சையின் தரத்தை அளப்பது எப்படி?

ஒரு மருத்துவமனையில் ஆஸ்துமா சிகிச்சை எப்படி நடக்கிறது என்று கேட்டால், வந்தவர்களில் அநேகமாக எல்லோருமே நலமாகத்தான் வீடு திரும்புகிறார்கள் என்ற பதில் கிடைக்கும். அது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆஸ்துமாத் தாக்குதலோடு உள்நோயாளியாகச் சேர்க்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர், சிகிச்சை சுமாராக இருந்தாலும் பிழைத்துவிடுவார்கள். அவர்கள் எவ்வளவு நேரம் தேவையின்றித் திணறினார்கள், எதைக் கற்றுக்கொண்டு வீடு சென்றார்கள், அடுத்த மாதமே திரும்பி வந்தார்களா என்பவற்றில்தான் நல்ல சிகிச்சைக்கும் சுமாரான சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு மறைந்திருக்கிறது.

தரத் தணிக்கைப் பணி முதன்முறையாக ஒப்படைக்கப்பட்டிருக்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவினரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. கணக்கு கடினமானதல்ல, பள்ளியில் படித்த சதவீதமே பெரும்பாலும் போதும். யாரைக் கணக்கில் சேர்ப்பது, கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது, எதை "ஆம்" என்று ஏற்பது என்ற மூன்று வரையறைகளில்தான் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அவை தெளிவாக இல்லாத தணிக்கை எவ்வளவு அழகான வரைபடங்களோடு வந்தாலும் பயன்படாது.

முதற்படி: எவ்வகை அளவு என்று தெரிந்துகொள்ளுதல்

மருத்துவச் சேவையின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று கோணங்களில் பார்க்கும் முறையை மருத்துவர் அவெடிஸ் டோனபீடியன் 1966ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரையில் முன்வைத்தார். இன்றுவரை தணிக்கை செய்பவர்கள் அதைத்தான் தொடங்குமிடமாகக் கொள்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில், நோயாளி எவ்வளவு வேகமாக மூச்சை ஊதி வெளிவிடுகிறார் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரும் இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, ஆஸ்துமாப் பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறாரா என்பவை கட்டமைப்பைச் சேர்ந்தவை. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டதா என்பது செயல்முறை. முப்பது நாளுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டாரா என்பது விளைவு.

புதியவர்கள் செயல்முறையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கட்டமைப்பை அளப்பது எளிது என்றாலும், அலமாரியில் இருக்கும் கருவியை யாரும் எடுப்பதில்லை என்பதை அது காட்டாது. விளைவை அளப்பதே உண்மையான நோக்கம் என்றாலும், அது மருத்துவமனையின் கையில் மட்டும் இல்லை. நோயாளியின் வீட்டிலுள்ள புகை, தடுப்பு மருந்தை வாங்கும் வசதி, நோயின் இயல்பான கடுமை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. செயல்முறையில் ஒரு குறை தெரிந்தால் அதை நாளையே சரிசெய்யத் தொடங்கலாம்.

இரண்டாம் படி: ஒரு சிகிச்சை நெறியைத் தேர்ந்து, சில அளவுகோல்களை மட்டும் எடுத்தல்

1993இல் தொடங்கப்பட்ட உலக ஆஸ்துமா முன்முயற்சியான ஜினாவின் பரிந்துரைகள், பிரிட்டனின் பரிந்துரைகள் எனப் பல நெறிகள் உள்ளன. அடிப்படையில் இவை ஒத்துப்போனாலும் நுணுக்கங்களில் வேறுபடும். பெரியவர்களுக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 93 முதல் 95 சதவீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்கிறது ஜினா; பிரிட்டன் நெறியில் அந்த இலக்கு 94 முதல் 98 வரை. இரண்டையும் கலந்து ஓர் அளவுகோலை உருவாக்கினால், ஒரே நோயாளியின் சிகிச்சை ஒரு தணிக்கையாளருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தவறாகவும் தோன்றும். ஆகவே எந்த நெறியின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இருபது அளவுகோல்களோடு தொடங்கும் தணிக்கைகள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் நின்றுபோகின்றன. ஐந்தாறு போதும். பெரியவர்களுக்கான சிகிச்சையில் நான் முதலில் எடுப்பவை இவை: வந்த ஒரு மணி நேரத்துக்குள் பீக் ஃப்ளோ அளக்கப்பட்டதா, அதே ஒரு மணி நேரத்துக்குள் வாய்வழியாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நுரையீரல் சிகிச்சைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் பார்த்தாரா, வீட்டுக்கு அனுப்புமுன் இன்ஹேலர் பயன்படுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, எழுதப்பட்ட சுய மேலாண்மைத் திட்டம் கையில் கொடுக்கப்பட்டதா, மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கப்பட்டதா.

பீக் ஃப்ளோ ஏன் முதலில் நிற்கிறது என்று கேட்கலாம். மூச்சுக்குழாய் எந்த அளவு சுருங்கியிருக்கிறது என்பதை ஸ்டெதஸ்கோப்பின் இரைச்சல் நம்பகமாகச் சொல்வதில்லை. மிகக் கடுமையான தாக்குதலில் காற்றோட்டமே குறைந்து நெஞ்சு அமைதியாகிவிடுவதும் உண்டு. பீக் ஃப்ளோ அந்த நோயாளியின் சிறந்த அளவில் 33 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் கடுமையான தாக்குதல், 33க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்தானது என்று பிரிட்டன் நெறி வகுக்கிறது. இந்த ஓர் எண் பதிவாகாவிட்டால், பின்னால் நீங்கள் செய்யவிருக்கும் ஒப்பீடுகள் அனைத்தும் ஆட்டம் காணும். எந்த நோயாளி எவ்வளவு கடுமையான நிலையில் வந்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் படி: யார் கணக்கில் வருகிறார்கள்?

சதவீதத்தின் பகுதியில், அதாவது கீழே நிற்கும் எண்ணில், யாரெல்லாம் அடங்குகிறார்கள் என்பதை ஓர் அந்நியர் படித்தாலும் அதே பட்டியலைத் தயாரிக்கும்படி எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் ஜே45 ஆஸ்துமாவையும் ஜே46 கடுமையான தொடர் தாக்குதலையும் குறிக்கின்றன. இவை முதன்மை நோயாகக் குறிக்கப்பட்டவர்களை மட்டும் எடுப்பதா, துணைநோயாகக் குறிக்கப்பட்டவர்களையும் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள். கால் எலும்பு முறிவுக்காகச் சேர்ந்தவருக்குப் பழைய ஆஸ்துமா இருக்கிறது என்பதற்காக அவர் உங்கள் கணக்கில் வந்து நிற்கக் கூடாது.

குழப்பம் வருவது வயதின் இரு முனைகளில். புகைபிடித்த முதியவர்களிடம் ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் கலந்து நிற்பதால், ஒரே நோயாளி ஒருமுறை ஜே45 என்றும் அடுத்தமுறை ஜே44 என்றும் குறிக்கப்படுகிறார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரைப்பு பெரும்பாலும் வைரஸ் தொற்றால் வருவது. அதனால்தான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் உருவாக்கிய குழந்தைகள் ஆஸ்துமா அளவுகோல்கள் 2 முதல் 17 வயது வரை என்று எல்லை வகுத்தன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளால் பீக் ஃப்ளோ மீட்டரில் சரியாக ஊத முடியாது என்பதால், அந்த அளவுகோலிலிருந்து மட்டும் அவர்களை விலக்க வேண்டும். செயற்கைச் சுவாசத்தோடு வந்தவர்களுக்கும் இதே விலக்கு பொருந்தும்.

விலக்குகளை முன்கூட்டியே எழுதுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எண்கள் வந்த பிறகு எழுதப்படும் விலக்குகள் எப்போதும் எண்களை அழகாக்குவதற்காகவே எழுதப்படுகின்றன.

அவசர சிகிச்சைப் பிரிவிலேயே சிகிச்சை பெற்று, உள்நோயாளியாகாமல் வீடு திரும்பியவர்களை மறந்துவிட வேண்டாம். உள்நோயாளிப் பதிவேட்டிலிருந்து பட்டியல் எடுத்தால் அவர்கள் தென்படவே மாட்டார்கள். ஆனால் அவசரமாக அனுப்பப்பட்டு, இன்ஹேலர் முறையும் சரிபார்க்கப்படாமல், மூன்றாம் நாள் திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் அவர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைத் தனிப் பட்டியலாக வைத்துத் தனியாகவே கணக்கிடுங்கள்.

நான்காம் படி: கடிகாரம்

ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். இது ஏன் முக்கியம் என்றால், ஸ்டீராய்டின் பலன் தெரிய நான்கு மணி நேரமாவது ஆகும். தொடங்குவதைத் தள்ளிப்போட்டால் பலனும் அதே அளவுக்குத் தள்ளிப்போகும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவது தவிர்க்கப்பட்டது. விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையே ஊசிக்கு நிகரான பலன் தருகிறது என்பதால், ஊசிக்குழாய் பொருத்துவதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணமாகக் காட்டவும் பெரும்பாலும் இடமில்லை.

அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? வாசலில் நுழைந்த நேரமா, பதிவுச் சீட்டு போட்ட நேரமா, செவிலியர் முதலில் பார்த்து வகைப்படுத்திய நேரமா, மருத்துவர் வந்த நேரமா? கூட்டமான இரவில் முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு மணி நேரமே போய்விடும். மருத்துவர் பார்த்த நேரத்திலிருந்து கணக்கிட்டால், காத்திருப்பு என்ற பெருங்குறை அளவிலிருந்தே மறைந்துவிடுகிறது. எனவே நோயாளியின் பக்கம் நின்று, பதிவாகியிருக்கும் மிக முந்தைய நேரத்தைத் தொடக்கமாக எடுங்கள். அதேபோல், முடிவு நேரம் மருந்து எழுதப்பட்ட நேரமல்ல, உண்மையில் கொடுக்கப்பட்ட நேரம். அது மருத்துவரின் குறிப்பில் இருக்காது, செவிலியரின் மருந்து அட்டவணையில்தான் இருக்கும். பதிவுக் கணினியின் கடிகாரமும் வார்டுச் சுவரிலுள்ள கடிகாரமும் பத்து நிமிடம் வேறுபடுவதும் நடக்கக்கூடியதே. தொடங்குமுன் ஒருமுறை சென்று பார்த்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸிலேயே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர், வீட்டில் ஏற்கெனவே மாத்திரை தொடங்கிவிட்டு வந்தவர் ஆகியோரை எப்படிக் கொள்வது என்பதையும் எழுத வேண்டும். மருத்துவமனைக்கு வருமுன்பே போதிய அளவு கொடுக்கப்பட்டிருந்தால் அளவுகோல் நிறைவேறியதாக நான் கொள்வேன். நீங்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம். ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே முடிவாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எதை "ஆம்" என்று ஏற்பது?

வழிதவறுவதற்கு மிக எளிதான இடம் இதுதான். ஜாயின்ட் கமிஷனின் குழந்தைகள் அளவுகோல்கள் மூன்று: உடனடி நிவாரண மருந்து கொடுக்கப்பட்டதா, ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, வீட்டில் பின்பற்ற வேண்டிய திட்டம் எழுதித் தரப்பட்டதா. அமெரிக்காவின் 30 குழந்தைகள் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் இரண்டிலும் எல்லா மருத்துவமனைகளுமே மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தன. ஆகவே அவற்றைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியவில்லை. மூன்றாவதில் வேறுபாடு இருந்தது, காலப்போக்கில் முன்னேற்றமும் இருந்தது. ஆனால் அதில் மதிப்பெண் உயர்ந்ததற்கும் குழந்தைகள் மறுபடி அவசர சிகிச்சைக்கோ உள்நோயாளியாகவோ வருவதற்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை.

திட்டம் எழுதித் தருவதே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் வெளியான தேசிய மதிப்பாய்வில், இறந்த 195 பேரில் 23 சதவீதத்தினருக்கு மட்டுமே அத்தகைய திட்டம் தரப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. அந்த அளவுகோல் அளந்தது தாள் கைமாறியதை மட்டுமே, தாளில் உள்ளது மனத்தில் ஏறியதை அல்ல என்பதே என் வாசிப்பு. டிஸ்சார்ஜ் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்து அதை நிரப்பாமல் படிவம் முடியாதபடி செய்துவிட்டால், ஒரே வாரத்தில் நூறு சதவீதம் வந்துவிடும். நோயாளிக்கு எதுவும் மாறியிருக்காது.

இதைத் தவிர்க்க, "ஆம்" என்பதற்குக் கண்ணால் கண்ட செயலைக் கேளுங்கள். இன்ஹேலரை எடுத்துக்கொண்டால், "நோயாளிக்கு விளக்கப்பட்டது" என்ற குறிப்பை ஏற்காதீர்கள். "நோயாளி செய்துகாட்டினார், தவறு திருத்தப்பட்டது, மறுபடி செய்துகாட்டினார்" என்ற குறிப்பையே ஏற்பது நல்லது. அழுத்தித் தெளிக்கும் இன்ஹேலரில் குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, உதடுகளை இறுக மூடி, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி இன்ஹேலரிலோ வேகமாகவும் வலுவாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருக்கும் நோயாளி ஒன்றின் முறையை மற்றதற்குப் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கிறது. கேட்டால், "பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்" என்பார். வீடு திரும்பும் நாளில் ஐந்தாறு நோயாளிகளிடம் நீங்களே சென்று, செய்துகாட்டும்படி கேட்டுப் பாருங்கள். கேஸ் ஷீட்டு தரும் சதவீதத்துக்கும் நேரில் காணும் சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி, தணிக்கையின் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட அதிகம் கற்றுத்தரும்.

மறுதிசையிலும் ஒரு பிழை உண்டு. பதிவில் இல்லை என்பதாலேயே செய்யப்படவில்லை என்று பொருளல்ல. இருந்தாலும் கணக்கில் "இல்லை" என்றே கொள்ளுங்கள். எழுதாமல் விடப்பட்டவை எத்தனை, எழுதியும் செய்யப்படாதவை எத்தனை என்று அறிக்கையில் பிரித்துக் காட்டினால் போதும்.

ஆறாம் படி: திரட்டுதல்

நோயாளிகள் குறைவாக இருந்தால் எல்லோரையும் எடுங்கள். அதிகமாக இருந்தால் வரிசையாக வந்த முதல் ஐம்பது பேரை எடுங்கள். எளிதில் கிடைத்த கேஸ் ஷீட்டுகளை மட்டும் எடுக்காதீர்கள், ஏனென்றால் காணாமல் போன தாள்களின் நோயாளிகள் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றவர்களாகவோ இரவில் வந்தவர்களாகவோ இருப்பார்கள். முதல் பத்துத் தாள்களை இருவர் தனித்தனியே படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் மூன்றிடங்களில் மாறுபட்டால் தவறு ஆட்களிடம் இல்லை, வரையறையில் இருக்கிறது. அதைத் திருத்தி எழுதிவிட்டு அந்தப் பத்தையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

ஏழாம் படி: எண்களைப் படித்தல்

நேரத்துக்குச் சராசரி கூடாது. ஒன்பது நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கிடைக்க முறையே 20, 25, 30, 35, 40, 45, 50, 55, 420 நிமிடங்கள் ஆயின என்று வைத்துக்கொள்வோம். சராசரி 80 நிமிடம். அதைப் பார்த்தால் மருத்துவமனையே தாமதமாக இயங்குவதாகத் தோன்றும். வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவோ 40 நிமிடம், எட்டுப் பேருக்கு நேரத்துக்குள் கிடைத்திருக்கிறது. அதே சமயம் அந்த 420 நிமிடத்தை இடைநிலை அளவு மறைத்தும் விடுகிறது. ஏழு மணி நேரம் காத்திருந்த அந்த ஒருவரின் தாளைத் தனியாக எடுத்துப் படிப்பதும் தணிக்கையின் பகுதியே.

சிறிய எண்ணிக்கையில் அடக்கம் வேண்டும். 30 பேரில் 24 பேருக்குச் சரியாக நடந்தது என்றால் 80 சதவீதம். ஆனால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 63 முதல் 90 வரை விரிகிறது. சென்ற காலாண்டில் 73, இந்தக் காலாண்டில் 80 என்று கொண்டாடுவதற்கு இதில் எதுவுமில்லை. மாத வாரியாகப் புள்ளியிட்டு, நடுவே இடைநிலைக் கோட்டை வரைந்து, தொடர்ந்து ஆறு புள்ளிகளோ அதற்கு மேலோ கோட்டின் ஒரே பக்கத்தில் விழும்வரை மாற்றம் வந்துவிட்டதாகச் சொல்லாமல் இருப்பது நல்ல பழக்கம்.

வீட்டுக்கு அனுப்பும்போது செய்ய வேண்டியவை ஐந்து செயல்கள் என்று வைத்துக்கொண்டு அவற்றை ஒரே தொகுப்பாக அளக்கும்போது இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 90 சதவீதம் நடந்தாலும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், ஐந்தும் முழுமையாகக் கிடைத்தவர்கள் 59 சதவீதமே. நோயாளிக்கு வேண்டியது ஐந்தும் என்பதால் இந்த எண்ணே நேர்மையானது. தனித்தனி எண்களையும் உடன் காட்டினால் எந்தக் கண்ணி அறுகிறது என்பது தெரியும்.

எட்டாம் படி: விளைவுகளைச் சேர்த்தல்

செயல்முறை அளவுகள் நிலைபெற்ற பிறகு விளைவுகளுக்கு வரலாம். ஏழு நாளுக்குள் அவசர சிகிச்சைக்குத் திரும்பியவர்கள், 30 நாளிலும் 90 நாளிலும் மறுபடி சேர்க்கப்பட்டவர்கள் ஆகியோரைக் கணக்கிடுவது வழக்கம். முன்னே சொன்ன பிரிட்டன் மதிப்பாய்வில் இறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 28 நாளுக்குள் இறந்திருந்தார். அந்த நான்கு வாரங்கள் ஏன் கவனத்துக்குரியவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வேறொரு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் உங்கள் பதிவேட்டில் தெரியமாட்டார்கள் என்பதால், நான்காம் வாரத்தில் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது நல்லது. அதே அழைப்பில் ஐந்து கேள்விகள் கொண்ட ஆஸ்துமாக் கட்டுப்பாட்டுச் சோதனையையும் கேட்டுவிடலாம். மொத்தம் 25க்கு 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

சேர்க்கைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மருத்துவமனையின் தரத்தை எடைபோட வேண்டாம். அது அப்பகுதியின் ஆரம்ப சுகாதார சேவையைத்தான் அதிகம் காட்டுகிறது. பருவமும் வானிலையும் அதைக் குலைக்கின்றன. 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையோடு வந்த ஆஸ்துமா அலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் மருத்துவமனைகளை நாடினர். அந்த மாத எண்ணிக்கை எந்த மருத்துவமனையின் திறமையையும் காட்டாது. ஒப்பிடுவதென்றால் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு, வரும்போது இருந்த கடுமையையும் வயதையும் கருத்தில் கொண்டு ஒப்பிட வேண்டும்.

கூடவே எதிர்த்தட்டு அளவு ஒன்றையும் வைத்திருங்கள். படுக்கை நாட்களைக் குறைத்தால் மறுசேர்க்கை கூடுகிறதா, தொற்றுக்கான அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறதா என்பவை அத்தகையவை. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் எது நகர்கிறது என்பதை அவை காட்டும்.

ஒன்பதாம் படி: திருப்பிச் சொல்லுதல், மறுபடி அளத்தல்

முடிவுகளை முதலில் காட்ட வேண்டியது நிர்வாகத்துக்கு அல்ல, அந்த நேரங்களில் பணியிலிருந்த செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும். ஸ்டீராய்டு ஏன் தாமதமாகிறது என்று கேட்டால், மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கிறது, இரவில் சாவி வேறொரு வார்டில் இருக்கிறது என்பது போன்ற பதில்கள் வரும். எந்தப் புள்ளிவிவரமும் அதைச் சொல்லியிருக்காது. ஒரு காரணத்தைச் சரிசெய்துவிட்டு, அதே வரையறைத் தாளோடு மூன்று மாதம் கழித்து மறுபடி அளங்கள். இடையில் வரையறையை மாற்றத்தான் வேண்டியிருந்தால், வரைபடத்தில் அந்த நாளில் ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டு, அதற்குப் பிந்தைய புள்ளிகளுக்குப் புதிய இடைநிலைக் கோட்டைத் தனியாக வரையுங்கள்.